சுருங்கிய தோட்டமும் தலையில்லாத அரண்மனையும்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில், ஒரு தோட்டம் சுருங்கிப் போயிற்று.

வேலி நகரவில்லை. வரப்பு கரையவில்லை. கிழக்கே அரண்மனை, மேற்கே வண்டிப்பாதை, இரண்டுக்கும் நடுவில் காத்தாயி என்பவளின் கத்தரித் தோட்டம். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் பதினோரு வருஷமாக நூற்று நாற்பத்தேழு குழியாக இருந்த தோட்டம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நூற்றெட்டுக் குழியாகிவிட்டது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுர நிலத்துக்கு அந்த நாட்டில் குழி என்று பெயர். அப்படிப்பட்ட முப்பத்தொன்பது சதுரங்களைக் காணோம்.

காத்தாயி இரண்டு ஓலைகளை எடுத்துக்கொண்டு அரண்மனை விதூஷகன் சொக்காண்டியைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ராஜாவையே சிரிக்க வைக்கிற ஆளு நீங்க. இதைப் பார்த்து நான் சிரிக்கணுமா அழணுமா, நீங்களே சொல்லுங்க."

முதல் ஓலை வரி ஓலை. 'காத்தாயி தோட்டம். நீளம் இருபத்தொரு கோல், அகலம் ஏழு கோல். ஆக நூற்று நாற்பத்தேழு குழி. கிணறு ஒன்று. கிணற்று வரி தனி.'

இரண்டாவது, நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் ஓலை. 'காத்தாயி தோட்டம். நீளம் பதினெட்டுக் கோல், அகலம் ஆறு கோல். ஆக நூற்றெட்டுக் குழி. பள்ளம் ஒன்று. பள்ளத்தை மூடும் கூலி விலையில் கழிவு.'

"வரி வாங்குறப்போ கிணறு, நிலத்தை வாங்குறப்போ பள்ளமா?" என்றாள் காத்தாயி. "பதினோரு வருஷமா அதுல ஊறினது தண்ணியா, இவங்க வாயில ஊறுன எச்சியா?"

"கிணறு விஷயம் புரிகிறது தாயி. அது வெறும் வெட்கங்கெட்டதனம். எனக்குப் புரியாதது இந்த முப்பத்தொன்பது குழிதான். அளந்தவர்கள் கோலைச் சரியாகத்தான் புரட்டினார்களா?"

"நான் கூடவே நடந்தேன். ஒரு விரக்கடை தப்பல. பதினெட்டு, ஆறு. நானும் எண்ணினேன்."

சொக்காண்டி தோட்டத்துக்குப் போனான். தன் மேல்துண்டால் ஒருமுறை அளந்தான். காலடியால் ஒருமுறை, கயிற்றால் ஒருமுறை அளந்தான். எப்போது அளந்தாலும் தோட்டம் அதே தோட்டமாகத்தான் இருந்தது.

"நிலம் வெயிலில் காய்ந்தால் கத்தரி வற்றல் மாதிரி சுருங்குமோ?"

"சுருங்கினா அரண்மனையும் கூடவே இழுத்துக்கிட்டு உள்ள வந்திருக்கணுமே அண்ணே!"

சொக்காண்டிக்குப் பதில் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்தும் தெரியவில்லை.

தோட்டத்தை எதற்காக எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டு ராஜாவுக்கு மணிமகுடர் என்று பெயர். ஒரு மழைநாளில் பல்லக்கில் வரும்போது வாசலில் தேங்கிய குட்டையைப் பார்த்தார். அதில் அவருடைய அரண்மனைக் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. "ஆஹா! இத்தனை காலம் நேராகவே பார்த்துக் காலத்தை வீணாக்கிவிட்டேனே!" என்று உருகிப்போனார். அரண்மனைக்கு எதிரே ஒரு பெரிய குளம் வெட்ட வேண்டும், அதன் மேற்குக் கரையில் ஒரு மண்டபம் கட்ட வேண்டும், மாலைதோறும் அங்கே உட்கார்ந்து தம் அரண்மனையைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். இதுதான் ஆசை. நாட்டில் ஆறு ஏரிகள் தூர்ந்து கிடந்தன. அவற்றில் அரண்மனை தெரியாதாகையால் அவற்றை யாரும் நினைக்கவில்லை.

ஆனால் ராஜாவுக்கு ஒரு தொல்லை இருந்தது. 'விலை கொடாமல் குடிகளின் பொருளைத் தொடாத கோமான்' என்று ஒரு பட்டம் சூடிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அதை முரசறைந்து சொல்ல ஆள் வைத்திருந்தார். எனவே தோட்டத்தை விலை கொடுத்துத்தான் எடுத்தாக வேண்டும். அந்த வேலையை நிலவரிப் பிரதானி அம்பலவாணர் ஏற்றுக்கொண்டார். பட்டமும் கெடாமல் பணமும் கரையாமல் முடித்துத் தருவதில் அவர் கெட்டிக்காரர்.

நான்காம் நாள் பிற்பகல், வேறு ஒரு வேலையாக சொக்காண்டி வரிச்சாவடிக்குப் போனான். கணக்கர் உண்ட மயக்கத்தில் தூணோடு தூணாகச் சாய்ந்திருந்தார். சுவரோரமாக இரண்டு அளவுகோல்கள் சாத்தியிருந்தன. ஒன்றின் தலையில் சிவப்புப் பட்டு, மற்றொன்றின் தலையில் மஞ்சள் பட்டு. எதிர் மூலைகளில் சாய்த்து வைத்திருந்ததால் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

சொக்காண்டி சும்மா இருக்கத் தெரியாதவன். இரண்டையும் எடுத்து அருகருகே நிமிர்த்தி வைத்தான்.

மஞ்சள் கோல் இரண்டு சாண் உயர்ந்து நின்றது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான். சிவப்புக் கோல் பன்னிரண்டு சாண். அதை இருபத்தொரு முறை புரட்டினால் இருநூற்றைம்பத்திரண்டு சாண். மஞ்சள் கோல் பதினான்கு சாண். அதைப் பதினெட்டு முறை புரட்டினால் அதே இருநூற்றைம்பத்திரண்டு சாண்! அகலமும் அப்படியே. ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கு, ஆறு பதினான்கும் எண்பத்து நான்கு. தோட்டம் சுருங்கவே இல்லை. கோல்தான் வளர்ந்திருக்கிறது. குட்டைக் கோலால் அளந்தால் குழிகள் அதிகம், வரியும் அதிகம். நெட்டைக் கோலால் அளந்தால் குழிகள் குறைவு, கொடுக்க வேண்டிய விலையும் குறைவு. வாங்கும் படி ஒன்று, கொடுக்கும் படி ஒன்று என்று இரண்டு படி வைத்திருக்கும் கடைக்காரனை ஊர் கழுதைமேல் ஏற்றும். அதையே கோலில் செய்தவரைப் பிரதானி என்று பல்லக்கில் ஏற்றியிருந்தார்கள்.

ராஜாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொன்னால் கேட்கிற ராஜாவுக்கு விதூஷகன் எதற்கு? விடிவதற்குள் ஒரு கோல் அடுப்பில் எரிந்திருக்கும். கூடவே சொக்காண்டியின் நாக்கும்.

மறுநாள் சபையில் அம்பலவாணர் குளத்து ஓலையைப் படித்தார். "மகாராஜா! தோட்டம் சரியாக நூற்றெட்டுக் குழி. மங்கலமான எண்! தங்கள் குளத்துக்காகவே நிலம் அப்படி அமைந்திருக்கிறது. குழிக்கு மூன்று பணம். பள்ளம் மூடும் கூலியைக் கழித்தால் இன்னும் மலிவு."

ராஜா மனம் குளிர்ந்து தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். கழித்த கூலியைவிட மாலையின் விலை நாற்பது மடங்கு என்பதைச் சபையில் ஒருவரும் கணக்கிடவில்லை.

சொக்காண்டி எழுந்து கும்பிட்டான். "பிரதானியாரே, அடியேனுக்கு ஒரு சந்தேகம். நம் நாட்டில் அரசாங்க அளவுகோல் மொத்தம் எத்தனை?"

சபை திரும்பிப் பார்த்தது. அம்பலவாணர் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டார்.

"இதென்ன கேள்வி? ஒன்றுதான்! கோல் இரண்டு இருந்தால் அது நாடா, சந்தையா?"

"அப்படிச் சொல்லுங்கள். என் சந்தேகம் தீர்ந்தது" என்று சொக்காண்டி உட்கார்ந்துகொண்டான்.

விதூஷகன் சொல்லுக்கு ராஜா சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் பிரதானி. இந்தச் சந்தர்ப்பத்தை அவர் விடவில்லை. "மகாராஜா! அளவில் இவ்வளவு அக்கறை உள்ளவர் சொக்காண்டியார். குளம் வெட்டும் மேற்பார்வையை அவரிடமே கொடுக்கலாம். ஓலையில் உள்ளபடி நீளம் பதினெட்டுக் கோல், அகலம் ஆறு கோல். ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அவர் தலையை மண்டபத்து வாசலில் தொங்கவிடலாம்."

மண்வெட்டியைப் பார்த்தே அறியாதவன், எப்படியும் தப்பு செய்வான் என்பது அவர் கணக்கு.

"நல்ல யோசனை! சொக்காண்டி, என்ன சொல்கிறாய்?"

"ஓலைப்படி, அரசாங்கக் கோலால் அளந்து, ஒரு சாண் பிசகாமல் வெட்டித் தருகிறேன் மகாராஜா. இருக்கிற ஒரே கோலை இன்றே சாவடியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்."

சிவப்புப் பட்டுக் கட்டிய கோலை எடுத்துக்கொண்டான்.

அன்று வீட்டில் சொக்காண்டி ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் மறுபக்கத்தில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்து, இந்தப் பக்கம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். தண்ணீருக்குள் விளக்கு தலைகீழாகத் தெரிந்தது. இப்போது ஒரு வேடிக்கை. உயரமான பொருளின் அடி எதிர்க்கரை ஓரத்துத் தண்ணீரில் தெரியும். உச்சியோ நம் பக்கத்துக் கரையோரத் தண்ணீரில், நமக்கு மிக அருகில் தெரியும். நம்பாதவர்கள் தாம்பாளத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம். சொக்காண்டி தன் பக்கத்து ஓரத்தை நாலு விரலால் மூடினான். விளக்கின் தண்டு அப்படியே இருந்தது. சுடர் மட்டும் காணாமல் போயிற்று.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து காத்தாயி வீட்டுக்குப் போனான்.

"தாயி, அவர்கள் கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொள். 'நூற்றெட்டுக் குழிக்கு' என்று எழுதி வாங்கிக்கொள். அது போதும்."

"தோட்டம் போனா நான் எங்க போறது அண்ணே? கிணறு இல்லாத மண்ணுல கத்தரி வைக்க முடியுமா?"

"கிணறு எந்த மூலையில் இருக்கிறது?"

"வடமேற்குல."

"அப்படியானால் நாற்று பாவி வை."

மறுநாள் முதல் வெட்டு வேலை நடந்தது. அரண்மனைச் சுவர் ஓரத்திலிருந்து மேற்கே பதினெட்டுக் கோல். தென்வேலியிலிருந்து வடக்கே ஆறு கோல். குட்டைக் கோலால் அளந்து, சொக்காண்டி முளையடித்து நிறுத்தினான். வண்டிப்பாதை ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த மண்டபத்துக்கு முன்னால் மூன்று கோல் அகலத்துக்கு ஒரு பட்டையும், வடக்கு ஓரமாக ஒரு கோல் அகலத்துக்கு ஒரு பட்டையும், மூலையில் கிணறும் அப்படியே மிஞ்சின. எண்ணிப் பார்த்தால் சரியாக முப்பத்தொன்பது குழி. காத்தாயி அதில் நாற்று நட்டாள்.

பிரதானி வந்து பார்க்கவில்லையா? சேறு இருக்கும் இடத்துக்குச் சரிகை வேட்டி போவதில்லை. தமக்குப் பதிலாக ஒரு சேவகனை அனுப்பினார். சேவகன் காத்தாயியிடம் ஒரு மடி கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, "எல்லாம் ஓலைப்படி நடக்கிறது" என்று போய்ச் சொன்னான். அதில் பொய்யும் இல்லை.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. நல்ல நாள் பார்த்தார்கள். மணிமகுடர் தம் பெருமையைக் காட்டுவதற்காக மேற்குச் சீமை ராஜாவையும் அழைத்திருந்தார். மாலை வெயில் அரண்மனைமேல் பொன்னாய் விழும் நேரத்தில் பல்லக்குகள் மண்டபத்தின் பின்வாசலில் இறங்கின. மேளம் முழங்கியது. திரை விலகியது.

இரண்டு ராஜாக்களும் ஆசனத்தில் அமர்ந்து குனிந்து பார்த்தார்கள்.

முதலில் கத்தரிக்காய் தெரிந்தது. வரிசை வரிசையாக, ஊதா நிறத்தில், நன்றாகக் காய்த்திருந்தது. அதற்கப்பால் தண்ணீர். தண்ணீருக்குள் அரண்மனை. வாசல் தெரிந்தது, மாடம் தெரிந்தது, கோபுரத்தின் கீழ்நிலைகள் தெரிந்தன. அதற்குமேல் கோபுரம் இல்லை. வெட்டினாற்போல் நின்றது.

"என்ன இது? என் அரண்மனைக்குத் தலை எங்கே?" என்றார் மணிமகுடர்.

எழுந்து நின்றார். ஒரு நிலை கூடுதலாகத் தெரிந்தது. ஆசனத்தின் மேலேயே ஏறி, இரண்டு சேவகர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் கலசமும் கொடியும் தெரியவில்லை. கத்தரிச் செடிக்கு நடுவே காத்தாயி குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள்.

மேற்குச் சீமை ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். "மணிமகுடரே, எங்கள் ஊரிலும் கத்தரிக்காய் உண்டு. ஆனால் ஆசனத்தின்மேல் ஏறி நின்று நாங்கள் அதைப் பார்ப்பதில்லை."

"சொக்காண்டி!"

"மகாராஜா!"

"குளத்தை ஏன் குறைத்து வெட்டினாய்?"

"குறைக்கவில்லை மகாராஜா. நீளம் பதினெட்டுக் கோல், அகலம் ஆறு கோல். விலை கொடுத்தது நூற்றெட்டுக் குழி, வெட்டியதும் நூற்றெட்டுக் குழி. மிச்சம் முப்பத்தொன்பது குழி காத்தாயியுடையது. விலை கொடாமல் குடிகளின் பொருளைத் தொடாத கோமானின் மண்வெட்டி அதை எப்படித் தொடும்?"

அம்பலவாணர் முத்துமாலை குலுங்க ஓடிவந்தார். ஆத்திரத்தில் அவர் வாய் அவரை முந்திக்கொண்டது.

"பொய்! மோசடி! இவன் சின்னக் கோலால் அளந்திருக்கிறான் மகாராஜா! தலையை வாங்குங்கள்! நிலத்தைப் பெரிய கோலால் அல்லவா அளந்தோம்!"

மேளக்காரர்கள் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"பெரிய கோலா?" என்றான் சொக்காண்டி மிகுந்த பணிவோடு. "நாட்டில் ஒரே கோல்தான் என்று சபையில் சொன்னீர்களே. நான் எடுத்தது, பதினோரு வருஷமாக இவள் தோட்டத்துக்கு வரி அளந்த கோல். அது தப்பான கோல் என்றால், நாடு முழுவதும் இத்தனை காலம் அதிகமாக வாங்கிய வரியைத் திருப்பித் தாருங்கள். அது சரியான கோல் என்றால், இவளுக்கு முப்பத்தொன்பது குழி பாக்கி. எது என்று தாங்களே சொல்லுங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்கிறேன்."

பிரதானி வாயைத் திறந்தார். மூடினார். குளத்து மீனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

மணிமகுடர் ஆசனத்திலிருந்து இறங்கினார். விருந்தாளி பார்த்துக்கொண்டிருந்ததால் நீதியாக நடந்துகொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. "காத்தாயி! மிச்ச நிலத்துக்கு என்ன விலை கேட்கிறாய்?"

காத்தாயி களைக்கொத்தை வரப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

"மகாராசா, பணம் வேணாம். வாங்குன பணத்தையும் திருப்பித் தர்றேன். எனக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் குடுங்க. வாய்க்கா மேட்டுல பிரதானி ஐயாவோட தோப்பு இருக்கு. அதுல என் தோட்டத்து அளவு எடுத்துக் குடுத்தாப் போதும். எந்தக் கோலால வேணாலும் அளங்க. ஆனா என்னுதை அளந்த கோலாலயே அதையும் அளக்கணும்."

"ஐயோ! அது எப்படி?" என்று அலறினார் அம்பலவாணர். "அங்கே நாற்பது தென்னை இருக்கிறது! வற்றாத கிணறு இருக்கிறது!"

"கிணறா?" என்றான் சொக்காண்டி. "அதற்குப் பள்ளம் என்றல்லவா ஓலையில் பெயர்? மகாராஜா, பிரதானியாரின் பள்ளத்தை மூடும் கூலியையும் அவரிடமே கழித்துக்கொள்ளலாமா?"

மேற்குச் சீமை ராஜா அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்தார். விருந்தாளி சிரித்த பிறகு சிரிக்காமல் நின்றால் கேவலம் என்று மணிமகுடரும் சிரித்தார். தொடங்கிய பிறகு அவருக்கே அது நன்றாக இருந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ராஜா சிரித்ததும் சபை முழுவதும், என்ன விஷயம் என்று தெரியாதவர்கள் உட்பட, சிரித்தது.

பிரதானியின் தோப்பில் கிணற்றோடு சேர்த்து நூற்று நாற்பத்தேழு குழி காத்தாயிக்கு எழுதப்பட்டது.

"இந்தக் காய்ப்பு ஓயட்டும் மகாராசா. தை மாசம் காலி பண்ணித் தர்றேன்" என்றாள் அவள். அதுவரை ராஜா தலையில்லாத அரண்மனையைத்தான் பார்த்தார்.

முத்துமாலை அம்பலவாணரின் கழுத்திலிருந்து சொக்காண்டியின் கழுத்துக்கு மாறியது. "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

"ஒரு கல்தச்சனை ஒரு நாள் இரவல் கொடுங்கள்" என்றான் சொக்காண்டி.

இரண்டு கோலில் எதன் நீளத்தைக் கல்லில் செதுக்குவது என்று தச்சன் கேட்டபோது, ராஜா சற்றும் தயங்காமல் வரி வாங்கும் கோலைக் காட்டினார். ராஜா ராஜாதானே. சொக்காண்டி மறுக்கவில்லை. எந்தக் கோல் என்பதில் குற்றமில்லை. இரண்டு கோல் என்பதில்தான் குற்றம். நெட்டைக் கோலை அங்கேயே ஒடித்தார்கள்.

குளத்து மண்டபத்தின் வெளிப்புறம், வண்டிப்பாதையில் போகிறவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில், அடிக்கல்லில் பன்னிரண்டு சாண் இடைவெளியில் இரண்டு கோடுகள் வெட்டப்பட்டன. வரிக்கு அளந்தாலும், எடுத்துக்கொள்ள அளந்தாலும், கோல் அந்த இரண்டு கோட்டுக்குள் சரியாகப் பொருந்த வேண்டும். வரி ஓலையில் கிணறு என்று இருந்தால் எடுக்கும் ஓலையிலும் கிணறு என்றே இருக்க வேண்டும். மாற்று நிலத்தை முதலில் அளந்து கொடுத்துவிட்டு, அதன் பிறகே மண்வெட்டியை இறக்க வேண்டும். சந்தேகம் உள்ள எவரும், அளக்க வந்தவன் கையிலிருக்கும் கோலை வாங்கிக் கல்லின்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.